ஆவுடையம்மாள் யாருடைய அம்மாவும் இல்லை

1999 ஜனவரி 12, செவ்வாய்

சிவப்பு விளக்கு எரிகிறது. நாடா ஓடுகிறது என்று அர்த்தம்.

இந்த டேப் ரெக்கார்டர் மகன் சிஜு துபாயிலிருந்து கொண்டுவந்தது. அவன் அம்மா பேச்சியம்மாள் பாட்டுக் கேட்பதற்கு. இனி அதில் நான் பேசப்போகிறேன். எழுத்துத் தெரியாதவன் நாட்குறிப்பு வைத்துக்கொள்ள வேறு வழி கிடையாது. பேச்சியம்மாள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஆருகிட்ட பேசுறீங்க?"

"எங்கிட்டதான்."

"நல்ல ஆளாப் பாத்துத்தான் பிடிச்சிருக்கீங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

யோசனை ரஹீனாவுடையது. எங்கள் வரிசையில் கடைசி வீடு, தையல்காரி. நான் நாவல் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். மத்தியானம் சோறு உண்டபின் தைக்கிற துணியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். மடியில் துணி, துணிக்கு மேல் நோட்டு. நேற்று நாவலில் என் ஆவுடையம்மாள் தோணியில் போய்க்கொண்டிருக்கும்போதே என் பென்ஷன் ஆபீசைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள். ரஹீனா பேனாவை மூடிவிட்டாள்.

"மாமா, வெள்ளைக்காரன் காலத்துப் பொம்பளைக்குப் பென்ஷன் ஏது? இது உங்க வீட்டுச் சண்டை. அத எங்கயாவது தனியாப் பேசித் தீத்துட்டு வாங்க. நாவலுக்குள்ள கொண்டாராதீங்க."

அதற்குத்தான் இது. மழைத்தண்ணீருக்கு ஒரு கானை, வீட்டுச் சாக்கடைக்கு ஒரு கானை. இந்தக் கொச்சிக் கானைகளில் ஆயுசு முழுக்கக் கொசு மருந்து அடித்தவனுக்கு ஒரு தையல்காரி சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது.

ஜனவரி 14

பொங்கல். இன்று வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். வந்தாள். பொங்கல் சாப்பிட்டாள், ஒரு பக்கம் எழுதினாள், பேச்சியம்மாளின் ரவிக்கையைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள், போனாள்.

ஜனவரி 20

ஆவுடையம்மாள் எங்கிருந்து வந்தாள் என்பதைச் சொல்லிவைக்கிறேன். பின்னால் யாராவது குழப்பினால் நான் இதைப் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.

வெலிங்டன் தீவில் சரக்குக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் மருந்து அடித்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு வயது நாற்பது இருக்கும். மின்கம்பம் நடக் குழி தோண்டினார்கள். தோண்டத் தோண்டக் கிளிஞ்சல். அடுக்கு அடுக்காக. அங்கே கரை இல்லை, தண்ணீர் தூரத்தில் இருக்கிறது. ஓவர்சியர் சிரித்தார். இந்தத் தீவே கடலின் வயிறுதான், கப்பல் வருவதற்காக ஆழம் தோண்டினார்கள், தோண்டிய சேற்றைக் கொட்டிய இடம் தீவாகிவிட்டது என்றார். கொச்சியில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குத்தான் அது என் காலுக்குக் கீழே இருந்தது.

மருந்துக் கேன் முதுகில், நான் நின்றுவிட்டேன். தோண்டுவதற்கு முன்னால் அந்தக் கடலில் ஒருவன் மூழ்கியிருந்தால்? உடம்பு கிடைக்காமல் போயிருந்தால்? அவன் இப்போது எங்கே இருப்பான்? உலர்ந்த தரைக்குள்ளா?

அவ்வளவுதான். அவள் அப்புறம் தானாக வந்தாள், அவனைக் கேட்டுக்கொண்டு. மூழ்கினவனின் பெண்டாட்டி. பிள்ளை இல்லை. சேறு உலர்ந்ததும் முதல் ஆளாக அங்கே ஒரு குடிசை போட்டாள். துறைமுகத்துக்காரர்கள் எழுப்ப வந்தார்கள். "நான் எம் புருஷன் மேல குடியிருக்கேன். அவரு எழுந்திருக்கச் சொல்லட்டும், எழுந்திருக்கேன்" என்றாள். நாவல் அதுதான். பெயர் ‘அள்ளிப்போட்ட கடல்’.

அப்படி ஒருத்தி இருந்ததாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இல்லை. தெருவில் இல்லை. நான் உண்டாக்கியது.

பிப்ரவரி 9

கல்வத்தித் தோடு என்கிற கால்வாயின் மேல் இருந்த சின்னப் பாலத்தை இடித்துவிட்டார்கள். புதிதாகக் கட்டப்போகிறார்களாம்.

என் ஏழாம் அத்தியாயம் அங்கேதான் இருந்தது.

எழுதத் தெரிந்தவன் தாளில் வைப்பான். நான் தோட்டின் கரையில் வைக்கிறேன். விடியற்காலையில் நடந்துகொண்டே வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிப் பார்ப்பேன். முதல் வாக்கியம் மசூதிக்குப் பின்னால் படித்துறையில். அடுத்தது இஞ்சிக் கிட்டங்கி வாசலில். சண்டை வந்தால் மீன் கழுவுகிற இடத்தில். மத்தியானம் ரஹீனாவிடம் சொல்லும்போது மனதுக்குள் அதே வழி நடப்பேன், ஒவ்வொரு இடத்திலும் வைத்தது அங்கங்கே இருக்கும். மருந்து அடித்த வழி, கண்ணைக் கட்டி விட்டாலும் பிசகாது.

இன்று போய்ப் பார்த்தால் பாலம் இல்லை. கல்லும் கம்பியும் குவிந்து கிடக்கிறது. நின்று நின்று பார்த்தேன், ஒரு வார்த்தை வரவில்லை. ஜேசிபி ஓட்டுகிறவன், "எந்தா அப்பூப்பா, வல்லதும் போயோ?" என்று கேட்டான், தாத்தா எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்து.

போச்சு என்றேன். என்ன போச்சு என்று எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 10

ஏழாம் அத்தியாயத்தைப் புதிதாகச் செய்தேன். இந்த முறை கரையில் நிற்கிற ஒரு மரத்தில் வைத்தேன். மரத்தையும் வெட்டுவார்கள். அதற்குள் ரஹீனாவிடம் சேர்த்துவிட வேண்டும்.

மார்ச் 3

வாசகசாலைக்கு வரும் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் வாசலில் பிடித்துக்கொண்டார்கள். தாங்களும் எழுதுகிறார்களாம், என் வழி என்ன என்று கேட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. காலையில் நினைவில் இல்லாத வாக்கியம் வேண்டாத வாக்கியம், அதைத் தேடாதே, விட்டுவிடு என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

ரஹீனா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் போனதும் நோட்டைப் புரட்டி ஒரு இடத்தை வாசித்தாள். ஆவுடையம்மாள் கொதிக்கிற உலையில் அரிசி போடாமல், தண்ணீர் வற்றும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிற இடம். நன்றாக இருந்தது. யார் சொன்னது இது என்றேன்.

"நீங்கதான். போன மாசம். மறந்துட்டீங்க. இத விட்டிருக்கணுமா மாமா?"

பையன்களைத் திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று தெருமுனை வரை போனேன். போய்விட்டார்கள். தப்பு உபதேசம் ஒன்று எர்ணாகுளம் போட்டில் போய்க்கொண்டிருக்கிறது.

ஏப்ரல் 22

ஒன்றும் வரவில்லை. உட்கார்ந்தேன். கொசு இல்லாத நாளிலும் மருந்து அடித்தோம் அல்லவா.

மே 6

பேச்சியம்மாள் இன்று காலை: "இல்லாத ஒருத்திக்காக மத்தியானம் மத்தியானம் வீட்ட ஒழிச்சுக் குடுத்திருக்கேன். இருக்கிற ஒருத்தியப் பத்தி ஒரு வரி உண்டா அதுல?"

இல்லை என்றேன்.

"உண்டுன்னு பொய்யாவது சொல்லக்கூடாதா? நாளெல்லாம் பொய்தானே சொல்றீங்க."

ஜூலை 18

மழை. ரஹீனாவோடு சண்டை.

மண்வாரிக் கப்பல் வந்து புருஷன் மூழ்கின இடத்தைத் தோண்டுகிற அத்தியாயம். ஆவுடையம்மாள் கரையில் விழுந்து புரண்டு அழுகிறாள். சொல்லச் சொல்ல எனக்கே பிடித்துப்போய் இன்னும் கொஞ்சம் அழவிட்டேன். ரஹீனா பாதியில் நிறுத்திவிட்டாள்.

"இது பொய் மாமா."

"எல்லாமே பொய்தானே மோளே."

"அதில்ல. மத்ததெல்லாம் நடந்திருக்கும்னு தோணுது. இது நீங்க அழவைக்கணும்னு செஞ்சது. அவ அழமாட்டா. அவளுக்கு அழ நேரம் ஏது அப்ப?"

எழுது என்றேன். எழுதினாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் பேனாவை அழுத்தி அழுத்தி எழுதினாள்.

சொல்லும்போது நான் எப்போதும் அவள் கையைத்தான் பார்ப்பேன். முகத்தைப் பார்த்தால் முகத்துக்கு ஏற்றாற்போல் கதை வளைந்துவிடும். இன்று முகத்தைப் பார்த்துவிட்டேன். அதனால்தான் பிடிவாதம் வந்ததோ?

2000 பிப்ரவரி 27

முடிந்தது. கடைசி வாக்கியத்தைச் சொன்னதும் ரஹீனா நோட்டை மூடி அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள். பேச்சியம்மாள் கேட்காமலே சாயா போட்டுக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் குடித்தோம்.

மார்ச் 4

மதுரையில் ஒரு பெரிய பதிப்பகத்துக்கு அனுப்பியாயிற்று. ரஹீனாவின் புருஷன் நஜீம் கட்டிக் கொடுத்தான், முகவரியை இங்கிலீஷில் எழுதினான். நோட்டுகள் தபால் ஆபீஸ் தராசில் ஏறின பிறகும் நான் கையை எடுக்கவில்லை, எடுக்கச் சொன்னார்கள்.

ஜூன் 13

திரும்பி வந்துவிட்டது. உள்ளே ஒரு சீட்டு. ரஹீனா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எனக்கு வாசிக்கத் தெரியல மாமா" என்றாள். எனக்கு அது விளங்கவில்லை. அவ்வளவு எழுதினவளுக்கு நாலு வரி வாசிக்கத் தெரியாதா?

ஜூன் 15

திருப்பூணித்துறைக்குப் பஸ்ஸில் போனேன். வைத்தீஸ்வரன் அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். முனிசிபாலிட்டி ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். நாங்கள் காலை ஆஜர் கொடுக்க நிற்கும்போது முந்தின நாள் தமிழ்ப் பேப்பரை உரக்க வாசிப்பார், வருஷக்கணக்காக. நான் இப்போது பேசுகிற இந்த நீட்டுத் தமிழ், பேப்பர்த் தமிழ், அவர் வாயிலிருந்து என் காதுக்கு வந்தது.

மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சீட்டை வாசித்தார். "ஐயா, நாங்கள் தமிழ் நூல்களை மட்டுமே வெளியிடுகிறோம். தங்கள் மலையாள நாவலைக் கேரளத்தில் உள்ள பதிப்பகம் எதற்காவது அனுப்பவும்."

"பார்சல் மாறிப்போச்சு வைத்தி சார்" என்றேன்.

அவர் நோட்டைத் திறந்தார். ஒரு பக்கம் பார்த்தார், இன்னொரு பக்கம் பார்த்தார். உடம்பு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஓய் ஒச்சப்பா, மாறலைடா. இது நீ சொன்னதுதான். அந்தப் பொண்ணு மலையாள எழுத்துல எழுதியிருக்கா. அவ பள்ளிக்கூடத்துல படிச்சது அதுதானே. மொழி தமிழ், சட்டை மலையாளம்."

எழுத்து என்றால் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். ஓரமாய் உட்கார்ந்து அவள் கையைப் பார்த்தேனே தவிர, கை என்ன போடுகிறது என்று பார்க்க எனக்கு எப்படித் தெரியும்?

பஸ்ஸில் வரும்போது கோபம். வீட்டுக்கு வரவும் கோபம் போய்விட்டது. ரஹீனா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"நீங்க சொன்னது தமிழு. நான் எழுதினதும் தமிழுதான் மாமா. வேற எழுத்து எனக்குத் தெரியாதே. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னேன். ஒரு சொல் பிசகவில்லை. ஆவுடையம்மாள் அப்படியே எழுந்து வந்தாள்.

தமிழனுக்கு மலையாளம், மலையாளிக்குத் தமிழ். எங்களைப் போலவே ஆவுடையம்மாளும்.

ஆகஸ்ட் 21

எர்ணாகுளத்தில் ஒரு மலையாளப் பதிப்பகம். ரஹீனாதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். அங்கே எடிட்டர் ஒருவர், அபிலாஷ் என்று பெயர், முழுவதும் வாசித்துவிட்டாராம். வரச் சொல்லியிருக்கிறார். பேச்சியம்மாள் என் வெள்ளைச் சட்டையைத் துவைத்துப் போட்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 24

அபிலாஷ் நல்ல மனிதர். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் ரஹீனாவும் போனதும் எழுந்து நின்று கை கொடுத்தார். எங்கள் தமிழ் அவருக்குப் பாதிக்கு மேல் புரிந்திருக்கிறது. நடுவில் கொஞ்சம் இழுக்கிறது என்றார், சரிதான். மூழ்கிப்போன புருஷன் நாவல் முழுக்க ஒரு வாக்கியம்கூடப் பேசவில்லையே என்றார். அதுவும் சரி, எனக்குச் சுருக்கென்றது.

அப்புறம் கேட்டார்: "சேட்டா, இந்த ஆவுடையம்மாள் ஆராணு? சேட்டன்றெ அம்மயாணோ?"

இல்லை சாரே என்றேன்.

"பின்னெ? அம்மூம்மயோ?"

யாருடைய அம்மாவும் இல்லை, யாருடைய பாட்டியும் இல்லை, அப்படி ஒரு ஆள் கிடையாது, நான் உண்டாக்கினேன் என்றேன். அவர் சிரித்தார். கூச்சப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார். பிறகு மெதுவாக, வலிக்காமல் ஊசி போடுகிற மாதிரி சொன்னார். நாவல் என்று போட்டால் ஆயிரத்தில் ஒன்றாகப் போய்விடும். என் ஜீவிதத்தைச் சொன்னால் போதும். கானை, கொசு மருந்து, சேரி, தமிழர்கள் எப்படி வந்தார்கள், எப்படி நடத்தப்பட்டார்கள். ஆவுடையம்மாளை என் அம்மாவாக ஆக்கிவிடலாம். எல்லாம் நல்ல மலையாளத்தில் மாற்றிக்கொள்வார்கள். ஆத்மகதை. அட்டையில் என் படம், முதுகில் மருந்துக் கேனோடு.

"கேன் ரிட்டயர்ட் ஆன அன்னிக்கே திருப்பிக் குடுத்தாச்சு சாரே" என்றேன். "படத்துக்கு வேணும்னா வாடகைக்குத்தான் எடுக்கணும்."

ரஹீனா சிரிக்கவில்லை. அட்டையின் உட்புறம் அவள் பெயரும் வரும் என்று அவர் சொல்லியிருந்தார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 25

என்னடா இது. கானை, கானை, கானை. என் வாயத் தொறந்தா கானைதான் வரணுமா?

கானைக்குள்ள எறங்கினது நான் எடுத்த முடிவில்ல. அப்பன் எறங்கினாரு, என்னை எறக்கிவிட்டாங்க. கல்யாணம் பெரியவங்க முடிச்சது. வீடு முனிசிபாலிட்டி குடுத்தது. எம் பேரைக்கூட மேஸ்திரி மாத்தித்தான் எழுதினான். நானா, நானாவே, ஆரும் சொல்லாம, ஆரும் கேக்காம செஞ்சது ஒண்ணே ஒண்ணு. அந்தப் பொம்பளை. அவளை எங்க அம்மாவாக்குன்னா — அப்ப நான் என்னத்தச் செஞ்சேன்? பாத்ததைச் சொன்னேன், அவ்வளவுதானே?

ஆகஸ்ட் 27

சிஜு துபாயிலிருந்து போன் செய்தான். "அப்பா, புக்கு வந்தாப் போதாதா? நாவல்னா என்ன, ஆத்மகதைன்னா என்ன? பேரு வருதில்ல?"

எனக்கு நான் வாழ்ந்த வாழ்க்கை ஒருமுறை போதும் என்றேன். லைன் இரைந்தது, அவனுக்குக் கேட்டிருக்காது.

செப்டம்பர் 2

எர்ணாகுளம் போய் அபிலாஷிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். நேரில்தான் சொல்ல வேண்டும். அவர் வருத்தப்பட்டார், சாயா வாங்கிக் கொடுத்தார், நோட்டுகளைத் துணியில் கட்டித் தந்தார்.

திரும்பி வந்து ரஹீனாவிடம் சொன்னேன். மிஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நாவல் என்னுது மோளே."

அப்போது மிஷினை நிறுத்தினாள். "கை ஆரோடது? என் மத்தியானமெல்லாம் ஆரோடது? பெருநாளுக்குத் தைக்கக் கெடந்த துணியத் தள்ளிவச்சுட்டு வந்தேனே, அதை ஆரு எழுதினா? போங்க மாமா. இனிக் கூப்பிடாதீங்க."

மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

செப்டம்பர் 3

அவள் சொன்னதில் தப்பு இல்லை. நான் செய்ததிலும் தப்பு இல்லை. இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும்? நாவலில் என்றால் இந்த இடத்தை நன்றாகச் செய்திருப்பேன்.

நவம்பர் 19

வைத்தீஸ்வரன் வந்தார். மகளோடு ஏதோ மனஸ்தாபம், ஒரு சாக்கு வேண்டும் அவருக்கு வீட்டை விட்டு வெளியே வர. துணிக்கட்டைப் பார்த்தார்.

"ஏன்டா பொணத்தக் கட்டி வச்ச மாதிரி வச்சிருக்க? அந்தப் பொண்ணு வாசிக்கட்டும், நான் தமிழ் எழுத்துல எழுதறேன். வேற ஜோலி என்ன எனக்கு?"

மலையாள எழுத்துக்குள் இருக்கிற என் பேச்சை நான் சொன்னபடியே திருப்பிச் சொல்ல அவளால்தான் முடியும். அவள் இல்லாமல் முடியாது.

நவம்பர் 20

ரஹீனா வீட்டுக்குப் போனேன். நஜீம் நாற்காலி போட்டான். நான் உட்காரவில்லை.

"ரஹீனா, எனக்கு உன் கையும் வேணும், வாயும் வேணும். ஆத்மகதை ஆகாது, அதுல மாத்தமில்ல. அட்டையில எம் பேருக்குக் கீழ உம் பேரு வரும், உள்ள இல்ல, வெளிய. அது ஒண்ணுதான் என்னால முடிஞ்சது."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "பேரு பெறகு. அந்த அழற அத்தியாயத்தை மாத்துவீங்களா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை.

"அவ அழமாட்டா மாமா. நான் இத்தனை நாளா அதைத்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன். கோவமே அதுலதான்."

மாற்றுகிறேன் என்றேன்.

டிசம்பர் 5

ஆவுடையம்மாள் அழவில்லை. மண்வாரிக் கப்பல் சேற்றை அள்ளிக் கொட்டும்போது அவள் தோணியில் போய் என்ஜினியரிடம் சண்டை பிடிக்கிறாள். நேற்று அள்ளினதை எந்தப் பக்கம் கொட்டினாய், இன்று அள்ளினதை எந்தப் பக்கம்? கலந்துவிடாதே, எனக்கு அடையாளம் வேண்டும். அவன் ஆளைவிட்டு அவளைத் தள்ளச் சொல்கிறான். மறுநாளும் வருகிறாள். கடைசியில் அவனே தொப்பியைக் கழற்றிவிட்டு வடக்கே கை காட்டுகிறான்.

சொல்லி முடித்தபோது ரஹீனாவின் பேனா நின்றுவிட்டது. அடுக்களையில் பாத்திரம் கழுவுகிற சத்தமும் நின்றிருந்தது.

2001 பிப்ரவரி 11

இப்போது மத்தியானங்கள் இப்படி: ரஹீனா வாசிக்கிறாள். வைத்தி சார் எழுதுகிறார். நான் கேட்கிறேன். முதன்முறையாக என் நாவலை நான் கேட்கிறேன். சொல்லும்போது தெரியாத ஓட்டைகள் கேட்கும்போது தெரிகின்றன. நடுவில் இழுக்கிறது, அபிலாஷ் சொன்ன அதே இடத்தில். இரண்டு அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டேன். வைத்தி சாருக்குச் சந்தோஷம், எழுதுகிற வேலை குறைந்தது.

பிப்ரவரி 20

எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னேன். "ஆவுடையம்மாள் நீராடி, கூந்தலை உலர்த்தி" என்று வந்தது.

"வைத்தி சார், அவ எப்ப நீராடினா? அவ குளிச்சா."

"அச்சுல வரதுடா. கௌரவமா இருக்கட்டும்."

"சேத்துல குடிசை போட்டவளுக்குக் கூந்தல் ஏது சார். முடிதான். முடியை முடிஞ்சுக்கிட்டா."

ரஹீனாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடித்துத் திருத்தினார். மூன்று நாள் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தார், ஆனால் வராமல் இருக்கவில்லை.

மார்ச் 30

புருஷனுக்கு ஒரு வாக்கியம் கொடுத்தேன். முதல் அத்தியாயத்தில், தோணியைத் தள்ளும்போது. "உலை வச்சிரு, அரிசி போட்டுறாத, நான் வந்துர்றேன்." அவ்வளவுதான். அபிலாஷுக்கு நன்றி. உலைத்தண்ணீரை வற்றும்வரை அவள் ஏன் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கே இப்போதுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 9

இரண்டாம் முறையும் முடிந்தது. கோயமுத்தூரில் ஒரு சின்னப் பதிப்பகம், நடத்துகிறவர் பெயர் கல்யாணராமன். வைத்தி சாருக்கு எப்படியோ தெரிந்தவர். அனுப்பினோம். இந்த முறை தபால் ஆபீஸ் தராசிலிருந்து நானே கையை எடுத்துவிட்டேன். வாசித்துவிட்டு அவரும் கேட்பாரோ, யார் இந்தப் பெண்மணி என்று? கேட்டால் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியும். அதையேதான் சொல்வேன். எத்தனை பதிப்பகம் இருக்கிறதோ அத்தனைக்கும்.

அக்டோபர் 17

கல்யாணராமன் தெருமுனை டெலிபோன் பூத்துக்குக் கூப்பிட்டார். நான் ஓடினேன். இந்த வயதில் ஓட்டம்.

"ஒச்சப்பன் ஐயாங்களா? ஒண்ணு கேக்கணுமுங்க."

வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"கடைசியில துறைமுகத்துக்காரங்க குடிசையப் பிரிக்க வர்றாங்க, அவ வாசல்ல நிக்கிறா. அங்கயே நிறுத்திட்டீங்க. பிரிச்சாங்களா இல்லையா? ராத்திரியெல்லாம் அதே நெனப்பா இருக்குதுங்க."

ரிசீவரை மறுகாதுக்கு மாற்றினேன். பூத்துக்காரன் தண்ணீர் கொடுத்தான்.

"எனக்கும் தெரியலைங்க. அவ நிக்கிறதோட நான் வந்துட்டேன்" என்றேன்.

"அப்ப அப்படியே இருக்கட்டுங்க. போட்டுடலாம்."

"அட்டையில என்னன்னு போடுவீங்க?"

"புரியலீங்க. தலைப்பு, உங்க பேரு, எழுதினவங்க பேரு..."

"அதுக்குக் கீழ?"

"நாவல்னுதான். வேற என்ன போடுறது?"

அக்டோபர் 18

நாவல்னுதான். வேற என்ன போடுறது.

2002 மே 8

புத்தகம் வந்தது. நல்ல கனம். அட்டையில் என் படம் இல்லை, கேன் இல்லை. தண்ணீரும் ஒரு திட்டும் வரைந்திருக்கிறார்கள். வைத்தி சார் விரலை வைத்து வைத்துக் காட்டினார். இது ‘அள்ளிப்போட்ட கடல்’. இது ஒச்சப்பன். இது ரஹீனா. இது நாவல். சின்ன எழுத்தாகத்தான் இருக்கிறது. மூன்று எழுத்து. விரலால் தடவிப் பார்த்தேன், மேடு பள்ளம் ஒன்றும் தெரியவில்லை.

ரஹீனா தன் பெயரைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் கேட்டாள், "எது மாமா நானு?" நான் காட்டினேன். எனக்குத் தெரிந்த நான்கு இடங்களில் அது ஒன்று.

அபிலாஷுக்கு ஒரு பிரதி அனுப்பச் சொன்னேன்.

பேச்சியம்மாள் புத்தகத்தைக் கையில் வாங்கினாள், முகர்ந்தாள். "பொய்க்கு நல்ல மணம்" என்றாள். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மே 29

பேச்சியம்மாளுக்குக் கண் காட்ட எர்ணாகுளம் போனோம். மட்டாஞ்சேரி ஜெட்டியில் போட் ஏறினோம். கூட்டமில்லை. அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். வெயில்.

தீவு வந்தது. கிரேன்கள், கிட்டங்கிகள், ஒரு கப்பல். நாங்கள் இரண்டு பேரும் எத்தனையோ தரம் கடந்துபோன இடம். அவள் அந்தப் பக்கம் திரும்பி முந்தானையால் நெற்றிக்கு மறைப்புக் கட்டிக்கொண்டு பார்த்தாள். நாவல் சொல்லும்போது அடுக்களையிலிருந்து ஒரு தரம் கேட்டிருக்கிறாள், வாசிக்கும்போது இன்னொரு தரம், கேட்காத மாதிரியே. இல்லாத ஒருத்தி என்று அவளைவிட நிச்சயமாக அறிந்தவர் யாருமில்லை.

"அவ குடிசை எந்தப் பக்கம்?" என்றாள்.

நான் அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன். பிறகு வடக்கே கை காட்டினேன்.

போட் திரும்பும்வரை அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நெழலு இல்லையே அங்க. மத்தியானத்துல எப்படி இருந்தாளோ."

"பூவரசு பிடிக்கும் அந்த மண்ணுல" என்றேன்.

"அப்ப ஒண்ணு வச்சுக் குடுங்க அவளுக்கு" என்றாள் பேச்சியம்மாள்.